வேகமா, அழுத்தமா? செம்பனை ஆலைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கிராஸ்ஃப்ளோ வடிகட்டல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆலை வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முன்பெல்லாம் பாய்லர், பிரஸ், ஒர்க்‌ஷாப் என்றுதான் போவார்கள். இப்போது கழிவுநீர்ப் பக்கமும் ஆள் எடுக்கிறார்கள். குளம் குளமாகத் தாண்டி வந்த தண்ணீரைக் கடைசியாக மெம்பிரேனில், அதாவது மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வில், விட்டுச் சுத்தம் செய்யும் பிரிவு சில ஆலைகளில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் முதல் வாரத்திலேயே காதில் விழும் பேச்சு இதுதான்: “தம்பி, தண்ணி கொறையுது, பம்ப்ப கொஞ்சம் ஏத்து.”

ஏற்றினால் தண்ணீர் கூடத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு கூடும், அதற்கு எவ்வளவு மின்சாரம் போகும், எந்த நிலைமையில் ஏற்றியும் பிரயோசனம் இல்லை என்பதைச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. பொறியியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடித்து, ஒரு கைத்தொழில் சான்றிதழோடு வருபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு டன் செம்பனைப் பழக்குலையை ஆட்டினால் ஏறக்குறைய 0.6 முதல் 0.7 கன மீட்டர் கழிவுநீர் வரும். ஆலையை விட்டு வெளியே வரும்போது 80, 90 டிகிரி சூடு, பழுப்பு நிறம், புளித்த வாடை. அதன் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விடுவதற்கு 1977-ஆம் ஆண்டுச் செம்பனை ஆலை விதிமுறைகளின்படி உச்ச வரம்பு 100. சில ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் துறை அதை 20 என்று இறுக்கி வைத்திருக்கிறது. குளங்களில் இருக்கும் பாக்டீரியா பெரும் பங்கு வேலையைச் செய்துவிடும். 100-க்குக் கொண்டுவர நல்ல குளங்களே போதும். 20-க்கு இறங்க வேண்டும் என்றால்தான் மெம்பிரேன் பேச்சு எழுகிறது.

ஆக மெம்பிரேனுக்கு வரும் தண்ணீர் ஏற்கெனவே பெருமளவு சுத்தமானது. ஆனாலும் அதில் செத்த பாக்டீரியா, மிச்சம் மீதி எண்ணெய், தேயிலைச் சாயம்போல் நிறம் தரும் பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் எல்லாம் இருக்கும். மெம்பிரேனைச் சாதாரண வடிகட்டித் துணிபோல் குறுக்கே கட்டி, தண்ணீரை நேராக மோதவிட்டால், சற்று நேரத்தில் மேலே ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அழுத்தத்தைக் கூட்டக் கூட்டப் படலம்தான் இறுகும், தண்ணீர் வராது.

கிராஸ்ஃப்ளோவில் தண்ணீர் மெம்பிரேனின் முகத்தை ஒட்டி, அதன் நீளவாக்கில் ஓடுகிறது. ஓடும்போதே ஒரு சிறு பங்கு துளைகள் வழியே பக்கவாட்டில் வடிந்து வெளியேறும். அதற்குப் பெர்மியேட் என்று பெயர். மிச்சம் அழுக்கையும் அள்ளிக்கொண்டு முன்னே போய்விடும். நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கை (சாக்கடை வாய்க்காலை) பாருங்கள்: தண்ணீர் விரைந்து ஓடும் நேர்பகுதியில் மண் தங்காது, வளைவில் மெதுவாகும் இடத்தில் குவிந்துவிடும். மெம்பிரேன் முகத்தில் மண் தங்காதபடி ஓடவைக்கும் அந்த வேகத்தைத்தான் கிராஸ்ஃப்ளோ வேகம் என்கிறோம்.

உங்கள் வேகம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்

கண்ட்ரோல் பேனலில் ஓட்டம் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று எழுதியிருக்கும். வேகம் எழுதியிருக்காது. அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டத்தைக் குழாய்களின் மொத்த உள்வாய்ப் பரப்பால் வகுத்தால் வேகம்.

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம், கட்டுரை முழுக்க இதையே பயன்படுத்துகிறேன். குழாய் வகை அல்ட்ராஃபில்ட்ரேஷன் (நுண்வடிகட்டல்) மாட்யூல், அதாவது மெம்பிரேன் குழாய்களை ஒன்றாகக் கட்டி அடைத்த ஒரு கூடு. உள்ளே 20 குழாய்கள், ஒவ்வொன்றும் 12.5 மில்லிமீட்டர் உள்விட்டம், 3 மீட்டர் நீளம். இப்படி ஆறு மாட்யூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு குழாயின் வாய்ப்பரப்பு 0.0001227 சதுர மீட்டர். 20 குழாய்க்கு 0.002454. விநாடிக்கு 3 மீட்டர் வேகம் வேண்டும் என்றால் விநாடிக்கு 0.00736 கன மீட்டர், அதாவது மணிக்கு 26.5 கன மீட்டர் ஓட்டம் தேவை. ஆறு மாட்யூல்களும் வரிசையில் இருப்பதால் எல்லாவற்றிலும் இதே தண்ணீர்தான் ஓடுகிறது. ஆறால் பெருக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

இப்போது அடுத்த கணக்கு. குழாய்ச் சுவரின் பரப்புதான் மெம்பிரேன் பரப்பு. ஒரு மாட்யூலுக்கு 2.36 சதுர மீட்டர், ஆறுக்கும் 14.1. ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 60 லிட்டர் வடிகிறது என்று வைத்தால் மொத்தம் மணிக்கு ஏறக்குறைய 850 லிட்டர். 26,500 லிட்டரை ஓட்டி 850 லிட்டர்தான் எடுக்கிறோம், சுமார் 3 விழுக்காடு. அதனால்தான் மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சுழலவிடுகிறார்கள். பெரிய பம்ப் சுழற்சிக்கு. பக்கத்தில் இருக்கும் சின்ன பம்ப் புதுத் தண்ணீர் ஊட்டுவதற்கு. சுழற்சியில் இருந்து கெட்டியான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட ஒரு வால்வு. சின்ன பம்ப் மணிக்கு 1,000 லிட்டர் ஊட்டி, 850 லிட்டர் வடிந்தால், இந்த வால்வு வழியே 150 லிட்டர் போக வேண்டும். அப்படியானால் சுழற்சிக்குள் இருக்கும் தண்ணீரில் மெம்பிரேன் தடுக்கும் அழுக்கு, உள்ளே வந்ததைவிட ஆறேழு மடங்கு கெட்டி. இந்த வால்வை யாராவது இறுக்கிவிட்டால் கெட்டித்தன்மை ஏறிக்கொண்டே போகும், ஓட்டமானி மட்டும் அதே 26.5-ஐக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஓட்டமானி சொல்வதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். உள்ளே எண்ணெய் படிந்தாலோ காற்றுக் குமிழி கலந்தாலோ அது தவறாகக் காட்டும். பெர்மியேட்டைச் சரிபார்க்க 10 லிட்டர் வாளியும் கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும். மணிக்கு 850 லிட்டர் என்றால் வாளி 42 விநாடியில் நிறைய வேண்டும். 55 விநாடி எடுத்தால் பேனலில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உங்களுக்கு வருவது 650 லிட்டர்தான்.

வேகம் உள்ளே என்ன செய்கிறது

குழாயின் நடுவில் தண்ணீர் விரைந்து ஓடினாலும் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கு மெதுவாகத்தான் நகரும். வடியும் தண்ணீர் அழுக்கை இந்த அடுக்குக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. அழுக்கு துளைக்குள் போக முடியாமல் அங்கேயே சேர்கிறது. சேரச் சேர அது மறுபடி நடுப்பகுதிக்குப் பரவிப் போகவும் பார்க்கும். வருவதும் போவதும் சமமாகும்போது பெர்மியேட் ஓர் அளவில் நிலைக்கிறது. வேகத்தைக் கூட்டினால் அந்த அடுக்கு மெலிகிறது, அழுக்கு எளிதாகத் திரும்புகிறது, அதனால் கூடுதல் தண்ணீர் வடிகிறது.

ஓட்டம் அமைதியாகப் போகிறதா, சுழித்துக்கொண்டு போகிறதா என்பதும் இங்கே முக்கியம். அதைச் சொல்லும் எண் ரெய்னால்ட்ஸ் எண். வேகத்தையும் விட்டத்தையும் அடர்த்தியையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தால் கிடைக்கும். குழாயில் இது ஏறக்குறைய 2,100-க்குக் கீழே இருந்தால் அமைதியான ஓட்டம், 4,000-க்கு மேலே போனால் சுழியோட்டம். நம் எடுத்துக்காட்டில் சாதாரண தண்ணீராக இருந்தால் 37,500 வரும், நன்றாகவே சுழிக்கும். ஆனால் சுழற்சிக்குள் சகதி கெட்டியாகிப் பாகுத்தன்மை தண்ணீரைப்போல் பத்து மடங்கு ஆனால் அதே வேகத்தில் எண் 3,750-க்கு இறங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது, உள்ளே ஓட்டத்தின் குணமே மாறியிருக்கும். “வேகம் அப்படியேதான் இருக்கு, தண்ணி ஏன் கொறையுது?” என்று யாராவது கேட்டால் முதலில் சுழற்சியில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து அதன் கெட்டித்தன்மையைப் பாருங்கள்.

சுழியோட்டத்தில் அழுக்கு திரும்பிப்போகும் திறன் வேகத்தின் 0.8 அடுக்கில் கூடுகிறது. அமைதியான ஓட்டத்தில் வெறும் மூன்றில் ஒரு பங்கு அடுக்கில். எளிதாகச் சொன்னால், சுழியோட்டத்தில் வேகத்தை 3-இல் இருந்து 4-க்கு ஏற்றினால் பெர்மியேட் அதிகபட்சம் 26 விழுக்காடு கூடலாம். அமைதியான ஓட்டத்தில் அதே ஏற்றத்துக்கு 10 விழுக்காடுதான்.

இந்தக் குழாய் வகை ஒன்றும் நேற்று வந்ததில்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் முதல் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் (அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் கரைந்த உப்பையும் பிரிக்கும் முறை) மெம்பிரேனைக் கலிஃபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். 1965-இல் கொலிங்கா என்ற சிறு ஊரில் உப்புநீரைக் குடிநீராக்க அதைப் பயன்படுத்தியபோதும் குழாய் வடிவம்தான். சௌரிராஜன் பெயரை நம் பள்ளிப் பாடத்தில் நான் பார்த்ததில்லை, அது ஒரு குறைதான்.

விலை: பம்ப் எவ்வளவு தின்னும்?

பலரும் கவனிக்காத பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தண்ணீர் குழாயில் உராய்ந்து ஓடும்போது அழுத்தம் குறையும். நம் மாட்யூலில் 3 மீட்டர் வேகத்தில் ஒரு மாட்யூலுக்கு ஏறக்குறைய 0.245 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), ஆறுக்கும் சேர்த்து 1.47 பார். வளைவுகளில் போவது தனி. இந்த இழப்பு வேகத்தின் 1.75 அடுக்கில் ஏறுகிறது. பம்ப்புக்கு வேண்டிய மின்சாரமோ ஓட்டத்தையும் இழப்பையும் பெருக்கி வருவது, ஆகவே 2.75 அடுக்கு. கிட்டத்தட்ட மும்மடிப் பெருக்கம்.

பம்ப், மோட்டார் இரண்டும் சேர்ந்து 60 விழுக்காடு திறன் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 3 மீட்டர் வேகத்தில் 1.8 கிலோவாட், மணிக்கு 0.85 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டருக்கு 2.1 யூனிட். 4 மீட்டருக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 4 கிலோவாட், தண்ணீர் மிக நல்ல நிலைமையில் 1.07 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 3.7 யூனிட். 2 மீட்டருக்கு இறக்கினால் 0.6 கிலோவாட்தான், தண்ணீர் 0.61 கன மீட்டர், ஒரு கன மீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

அப்படியானால் 2-லேயே ஓட்டலாமே என்று தோன்றும். காகிதத்தில் சரிதான். ஆனால் வேகம் குறைந்தால் படலம் கெட்டியாகும், அடிக்கடி ரசாயனம் போட்டுக் கழுவ வேண்டும், மெம்பிரேன் ஆயுளும் குறையும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததை மெம்பிரேன் மாற்றுவதில் விட்டுவிடலாம். இது அந்தந்தத் தண்ணீரைப் பொறுத்தது. அதற்குத்தான் பின்னால் சொல்லும் சோதனை.

ஆலைக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆலை ஓடும்போது செம்பனை நாரையும் கொட்டையின் ஓட்டையும் பாய்லரில் எரித்து, நீராவியில் டர்பைன் சுழற்றி மின்சாரம் வருகிறது. அப்போது மெம்பிரேன் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். குலை குறைந்து ஆலை நிற்கும் நாளில் டீசல் ஜென்செட்டில் ஓட்டினால் அதே பம்ப் மேலாளர் கண்ணை உறுத்தும். குளம் மட்டும் ஆலையோடு சேர்ந்து நிற்காது, மழை பெய்தால் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். எனவே ஜென்செட்டில் ஓடும் ஷிஃப்டுகளுக்கு என்று கொஞ்சம் குறைந்த வேகம் ஒன்றை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது நல்லது. இன்வெர்ட்டரில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 10 விழுக்காடு இறக்கினாலே சுழற்சிப் பம்ப் இழுப்பதில் கால்வாசி குறையும்.

இயக்கும் முறை: ஓட்டம் முதலில், அழுத்தம் பிறகு

வரிசை மாறினால் மெம்பிரேன் தொடக்கத்திலேயே பூசிக்கொள்ளும். நான் பழக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

1. பம்ப்பைத் தொடுவதற்கு முன் முன்வடிகட்டியைத் திறந்து பாருங்கள். குழாய் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைவிடப் பெரிய துண்டு எதுவும் உள்ளே போகக்கூடாது. 12.5 மில்லிமீட்டர் குழாய்க்கு ஒரு மில்லிமீட்டர் சல்லடை. செம்பனை நார் நீளவாக்கில் நுழைந்துவிடும், சல்லடை கிழிந்திருக்கிறதா என்று கையால் தடவியே பாருங்கள், கண்ணால் பார்த்தால் தெரியாது.

2. சுழற்சி வழியில் இருக்கும் வால்வுகளை முழுதாகத் திறந்து வையுங்கள். பெர்மியேட் வால்வும் திறந்தே இருக்கட்டும். பெர்மியேட் பக்கம் அழுத்தம் ஏறி உள்பக்கத்தைவிடக் கூடிவிட்டால் சில வகைகளில் மெம்பிரேன் தாங்குதுணியை விட்டு உரிந்துவிடும்.

3. சின்ன பம்ப்பால் மெதுவாக நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள்.

4. சுழற்சிப் பம்ப்பை இன்வெர்ட்டரில் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நிமிடத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். ஓட்டம் 26.5-ஐத் தொட்ட பிறகுதான் வெளியேறும் பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி அழுத்தம் கொடுங்கள்.

நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாக: அழுத்தத்தை இறக்கு, கொஞ்ச நேரம் வேகத்தோடு ஓடவிடு, சுத்தமான தண்ணீரால் கழுவு, அப்புறம் நிறுத்து. சகதி உள்ளே இருக்கும்போதே பம்ப்பை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது குழாயின் அடிப்பக்கம் முழுக்க வண்டல் இறங்கியிருக்கும்.

வேகத்தைச் சோதித்துப் பார்க்கும்போது ஒரு பொறி

அழுத்தத்தை அளப்பது எப்படி? நுழையும் இடத்து அழுத்தத்தையும் வெளியேறும் இடத்து அழுத்தத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, பெர்மியேட் பக்கத்து அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். நுழைவு 4.0, வெளியேற்றம் 2.5, பெர்மியேட் 0.1 என்றால் 3.15 பார். மெம்பிரேனின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள இந்த அழுத்த வேறுபாட்டைப் பிளாண்டில் டிஎம்பி என்பார்கள்.

இப்போது வேகத்தை 4 மீட்டருக்கு ஏற்றுகிறீர்கள், வெளியேறும் அழுத்தம் 2.5-லேயே இருக்கிறது. உராய்வு இழப்பு 1.47-இல் இருந்து 2.43-க்கு ஏறியிருக்கும், ஆகவே நுழைவு 4.9-ஐத் தாண்டும், டிஎம்பி 3.6-க்குப் போய்விடும். தண்ணீர் கூடியது வேகத்தாலா அழுத்தத்தாலா? சொல்ல முடியாது. “பம்ப்ப ஏத்தினேன், தண்ணி கூடுச்சு” என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தெரியாமல் அழுத்தத்தைத்தான் கூட்டியிருப்பார்கள். அந்தக் கூடுதல் தண்ணீர் நெடுநேரம் நிற்காது.

ஆகவே சோதனையை இப்படிச் செய்யுங்கள். மெம்பிரேனைக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டு உயர்ந்த வேகத்தில் தொடங்குங்கள், 4 என்று வைப்போம். வால்வைச் சரிசெய்து டிஎம்பியை ஒரே அளவில் பிடியுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட்டு வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்து எழுதுங்கள், தண்ணீரின் சூட்டையும் எழுதுங்கள். பிறகு 3.5, 3, 2.5 என்று இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் டிஎம்பி அதே அளவில். கடைசியில் மறுபடி 4-க்கே திரும்புங்கள். பழைய அளவு தண்ணீர் வந்தால் படிந்தது தற்காலிகமானது, வேகமே அதைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. வரவில்லை என்றால் ஏதோ ஒரு படியில் படலம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த எல்லைக்கு மேலே நின்றுகொள்ளுங்கள்.

சூட்டை ஏன் எழுத வேண்டும் என்றால், ஒரு டிகிரி கூடினால் தண்ணீர் இளகிப் பெர்மியேட் 2, 3 விழுக்காடு கூடும். சுழற்சிப் பம்ப் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி கடைசியில் அந்தத் தண்ணீரைச் சூடாக்குவதில்தான் முடிகிறது. காலையில் 30 டிகிரியில் தொடங்கிய சோதனை மத்தியானம் 38-இல் நின்றால் நீங்கள் பார்ப்பது வேகத்தின் விளைவு மட்டும் இல்லை.

வேகத்தால் ஆகாத காரியங்கள்

வேகத்தை ஏற்றியும் அரை மணி நேரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். சுண்ணாம்பு போன்ற உப்பு படிந்திருந்தால் அமிலத்துக்குத்தான் அசையும். எண்ணெய் துளைக்குள் இறங்கியிருந்தால் காஸ்டிக் சோடாதான் வேண்டும். துளைக்குள் இருப்பதை வெளியே ஓடும் தண்ணீர் எட்டாது.

வேகம் கேடு செய்யும் சந்தர்ப்பமும் உண்டு. பாக்டீரியா சகதி திரள் திரளாக இருக்கும்வரை மெம்பிரேனுக்கு நல்லது. பம்ப்பின் இறக்கையிலும் குழாயின் உராய்விலும் திரும்பத் திரும்ப அடிபட்டால் திரள் உடைந்து நுண்துகளாகிவிடும், அது துளையை எளிதாக அடைக்கும். இன்னொன்று: வேகம் கூடும்போது பெரிய துகள்கள்தான் முதலில் அடித்துச் செல்லப்படுகின்றன. மிகப் பொடியானவை மட்டும் முகத்தில் தங்குகின்றன. படலம் மெலிந்தாலும் இறுக்கமாக அமைந்துவிடலாம். அதனால்தான் 4 மீட்டரில் எதிர்பார்த்த 26 விழுக்காடு கையில் வருவது அபூர்வம்.

அடைத்த குழாய் விஷயம் இன்னும் நுட்பமானது. மாட்யூலின் முனை மூடியைக் கழற்றி, மறுமுனையில் ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 20 வாய்களில் 16-இல் வெளிச்சம் தெரிகிறது, 4 இருட்டாக இருக்கிறது என்று வையுங்கள். விளிம்பில் நார் முடிச்சு கட்டிக்கொண்டு, அதன் பின்னால் சகதி இறுகிக் கட்டியாகியிருக்கும். அந்த நான்கிலும் ஓட்டமே இல்லை, அழுத்தம் மட்டும் இருக்கிறது. மிச்சம் 16-இல் வேகம் 3.75 ஆகிவிட்டது. ஓட்டமானி 26.5 என்றே சொல்லும். அந்த மாட்யூலின் அழுத்த இழப்பு ஏறக்குறைய 48 விழுக்காடு ஏறியிருக்கும், 0.245-இல் இருந்து 0.36-க்கு. ஆனால் ஆறு மாட்யூலுக்கும் சேர்த்துப் பார்த்தால் 1.47 என்பது 1.59 ஆகத்தான் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் இடையில் கேஜ் மாட்டும் முனை இருந்தால் வாரம் ஒருமுறை தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். முனை இல்லையென்றால் போடச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும் செலவு அற்பம்.

கழுவும்போது

கழுவும் வேளையில் விதி எளிது: வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. அழுத்தம் இருந்தால் இளகிய அழுக்கை மறுபடி துளைக்குள் தள்ளுவீர்கள். காஸ்டிக், தேவைப்பட்டால் ஹைப்போ (குளோரின் உள்ள வெளுப்பான், சோடியம் ஹைப்போகுளோரைட்), பிறகு நன்றாக அலசிவிட்டு சிட்ரிக் அமிலம். எந்த மெம்பிரேன் எதைத் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் தாளில் இருக்கும். பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வகை குளோரினைத் தாங்கும், ரிவர்ஸ் ஆஸ்மாசிஸில் வரும் பாலியமைட் என்ற பிளாஸ்டிக் தாங்காது. ஹைப்போவும் அமிலமும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். தொட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பிஎச் தாளில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை ஊற்ற வேண்டும். குழாய் வகையில் ஸ்பஞ்சுப் பந்துகளை ஓடவிட்டும் சுத்தம் செய்யலாம், அதற்கான வசதி வைத்த பிளாண்டுகளில் மட்டும்.

அடுத்த அறையில் இருக்கும் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்

இதே எண்களை அங்கே கொண்டுபோகாதீர்கள். அங்கே மெம்பிரேன் தாளாகச் சுருட்டப்பட்டு, இடையில் வலை வைக்கப்பட்டிருக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகம் விநாடிக்கு 0.1, 0.2 மீட்டர் என்ற அளவில்தான், வலையே தண்ணீரைக் கலக்கிவிடும். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு எல்லைகள். எட்டு அங்குலச் சுருள் ஒன்றில் அழுத்த இழப்பு ஒரு பாரைத் தாண்டினால் சுருளின் அடுக்குகள் நீளவாக்கில் நகர்ந்து முனையில் பிதுங்கலாம். மறுபுறம், வரிசையின் கடைசிச் சுருளில் தண்ணீர் குறைந்துவிட்டால் உப்பு அங்கே படியும், ஏனென்றால் முன்னால் இருக்கும் சுருள்கள் எல்லாம் தண்ணீரை எடுத்துக்கொண்டு கெட்டியானதை அதற்குத் தள்ளிவிடுகின்றன. கூடுதல் தண்ணீர் எடுக்க ஆசைப்பட்டுக் கழிவு வால்வை இறுக்கினால் முதலில் அடிவாங்குவது அந்தக் கடைசிச் சுருள்தான். சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் திருத்தம் போட்ட பிறகும் பெர்மியேட் 10 விழுக்காடு குறைந்தாலோ, அழுத்த இழப்பு 15 விழுக்காடு ஏறினாலோ கழுவ நேரம் வந்துவிட்டது. 30 விழுக்காடு ஆகட்டும் என்று காத்திருந்தால் கழுவியும் பழைய நிலைக்கு வராது.

வேறு இடங்களிலும் இதே கணக்கு

ஆலையில் சூடேற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களிலும் இதே உராய்வு விதிதான். வேகம் குறைந்தால் உள்ளே பொருக்குக் கட்டும், கூடினால் பம்ப் தின்னும், மணல் கலந்திருந்தால் வளைவில் குழாய் தேயும். ரப்பர் பாலைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்த பிறகு மிஞ்சும் ஸ்கிம் பாலை மெம்பிரேனில் கெட்டியாக்கும் முயற்சிகளும் உண்டு. அங்கே நிலைமை நேர்மாறு: ரப்பர் துகள் உராய்வைத் தாங்காமல் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால் வேகத்துக்கு மேல் எல்லை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், பம்ப்பும் மென்மையாகத் தள்ளும் வகையாக இருக்க வேண்டும். பீங்கான் மெம்பிரேன் என்றால் 4, 5 மீட்டர்கூடச் சாதாரணம், முகம் அவ்வளவு உறுதி. சிலர் வேகத்தைக் கூட்டாமல் குழாய்க்குள் காற்றுக் குமிழி விட்டே சுவரை உரசவைக்கிறார்கள், மின்சாரம் குறைவாகப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் லாக் புத்தகத்தில் உங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தேதி, ஓட்டம், அதிலிருந்து நீங்கள் கணக்கிட்ட வேகம், நுழைவு, வெளியேற்றம், பெர்மியேட் அழுத்தங்கள், சூடு, வாளி நிறைந்த விநாடி, பம்ப் இழுக்கும் ஆம்பியர். ஷிஃப்டுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில். அடுத்த முறை அண்ணன் யாராவது “ஏத்து தம்பி” என்றால், “அண்ணே, நேத்து இதே வேகத்துல வாளி 42 விநாடி, இன்னைக்கு 50. சூடு அதே. மூணாவது மாட்யூல்ல மட்டும் இழப்பு ஏறியிருக்கு. கழட்டிப் பாத்துரலாமா?” என்று கேளுங்கள்.